பெருவழிப் பதிகங்கள் – 4: பூண்டியில் பறிபோனது எது?

மகோதையிலிருந்து சுமைகள் புறப்பட்டுவிட்டன. சேரமான் பெருமாள் தன் கருவூலத்தைத் திறந்து பொன்னும் மணியும் ஆடைகளுமாக அள்ளிக் கொடுத்திருக்கிறார். சுமக்க ஆட்களையும் அவரே அனுப்பியிருக்கிறார். நண்பரைப் பிரிந்த வருத்தத்தோடு சுந்தரர் திருவாரூருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். மலைநாடு முடிந்து கொங்கு நாடு தொடங்குகிறது. திருமுருகன்பூண்டியை நெருங்கும்போது வேடர்கள் வழிமறிக்கிறார்கள். வில்லைக் காட்டி, கத்தியை நீட்டி, சுமந்துவந்தவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு மறைகிறார்கள். சுந்தரரை மட்டும் அவர்கள் நெருங்கவில்லை.

பெரியபுராணத்தில், கழறிற்றறிவார் புராணத்துக்குள் சேக்கிழார் வரைந்திருக்கும் காட்சி இது. வந்தவர்கள் வேடர்களே அல்லர், சிவபெருமான் அனுப்பிய பூதகணங்கள் என்கிறார் அவர். தன் தோழனுக்குப் பொருள் போய்ச் சேருவதென்றால் அது தன் கையால் சேர வேண்டும், இன்னொருவர் கொடையாகச் சேரக் கூடாது என்று இறைவன் நினைத்ததாகச் சைவ மரபு இதற்குக் காரணம் சொல்கிறது. சுந்தரர் கோயிலுக்குள் போய்ப் பாடினார். பறிபோன சுமையெல்லாம் வாசலில் வந்து குவிந்தது.

இந்தக் கதை திருப்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. திருமுருகன்பூண்டிக் கோயிலில் இன்றும் மாசித் திருவிழாவை ஒட்டி வேடுபறி உற்சவம் நடக்கிறது. அவிநாசி சாலையில் இருக்கும் பனியன் கம்பெனிகளில் வேலை முடிந்து அதைப் பார்க்க வருகிறவர்களில் பலர் மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் இங்கே பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கும் இந்தக் கதை சொந்தமாகிவிட்டது.

அன்று சுந்தரர் பாடிய பதிகமும் நம்மிடம் இருக்கிறது. ஏழாம் திருமுறையில் 49-ஆம் பதிகம், பண் பழம்பஞ்சுரம். கதையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தப் பத்துப் பாட்டை மட்டும் எடுத்துப் படித்தால் என்ன கிடைக்கும்? சென்ற வாரம் இந்தக் கேள்வியில்தான் நிறுத்தியிருந்தேன். இப்போது படித்துப் பார்ப்போம்.

❖

முதலில் கண்ணில் படுவது பயம். வளைந்த வில்லோடு வடுக வேடுவர் நிற்கிறார்கள். அதட்டுகிறார்கள், குத்துகிறார்கள், கல்லால் அடிக்கிறார்கள். மாட்டைக் கொன்று தின்கிறார்கள். உயிரை எடுப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. அவர்கள் இடுப்பில் ஆயுதம் இருக்கிறது, உடம்பில் இருப்பதோ கிழிந்த துணி. இப்படி ஓர் ஊர் எல்லையை நேரில் பார்த்தவன்தான் இவ்வளவு விவரமாகச் சொல்ல முடியும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கொங்கு நாட்டு வழிப்பறியைப் பற்றி இதைவிடத் துல்லியமான வாக்குமூலம் எந்தக் கல்வெட்டிலும் நான் படித்ததில்லை.

அடுத்தது, பறிபோகும் பொருள். வேடுவர்கள் பறிப்பதாகச் சுந்தரர் சொல்வது கூறையை. உடுத்தும் துணியைத்தான். சேரமான் கொடுத்த பொன்னைப் பற்றி அங்கே பேச்சில்லை. சேரமான் பெயரும் இல்லை. இறைவன் யாரையோ ஏவி அனுப்பினான் என்ற குறிப்பும் இல்லை. கிழிசல் கட்டியவன் வழிப்போக்கனின் துணியை உருவுகிறான். துணி அவ்வளவு அருமையாக இருந்த காலம் அது. இன்று இதே ஊரைச் சுற்றி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதியாகிறது என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரிகளைப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது.

மூன்றாவது விஷயம்தான் என்னை அதிகம் நிறுத்தியது. பதிகம் இதை ஒருநாள் நடந்த சம்பவமாகச் சொல்லவில்லை. நாள்தோறும் நடப்பதாகச் சொல்கிறது. ‘இப்படிப்பட்ட இடத்தில் நீர் எதற்காக இருக்கிறீர்?’ என்பதுதான் பாட்டுக்குப் பாட்டு அவர் இறைவனிடம் கேட்கும் கேள்வி. பக்கத்தில் உமையை வைத்துக்கொண்டு, வேறு நல்ல ஊர்கள் இருக்கும்போது, வழிப்போக்கர்கள் அடிபடும் இந்த எல்லையில் உமக்கு என்ன வேலை? என் பொருளைத் திருப்பிக் கொடு என்ற வேண்டுகோள் எங்கும் நேராக வரவில்லை. ஊரைக் காக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் தெய்வத்தின் மேல் ஒரு பக்தன் வைக்கும் குற்றச்சாட்டு அது.

அப்படியானால் பொன்மூட்டைகள் எங்கிருந்து வந்தன? பூதகணங்கள் எங்கிருந்து வந்தன? சேக்கிழார் கற்பனை செய்தாரா?

❖

கற்பனை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போகிறவர்களை நான் நம்புவதில்லை. சேக்கிழார் யார் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் குலோத்துங்கச் சோழன் 1133 முதல் 1150 வரை ஆண்டவன். அவன் அவையில் அமைச்சராக இருந்தவர் சேக்கிழார் என்பது மரபு. சுந்தரருக்கும் அவருக்கும் இடையே குறைந்தது 250 ஆண்டு இடைவெளி. அடியார்களின் பெயர்களைச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் 11 பாட்டில் பட்டியலிட்டார். நம்பியாண்டார் நம்பி அதைத் திருத்தொண்டர் திருவந்தாதியாக விரித்தார். சேக்கிழார் அதை நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெருங்காவியமாக்கினார். இப்படி மூன்று அடுக்காக வளர்ந்த நூல் அது. கடைசி அடுக்கில் இருக்கும் எல்லாமே முதல் அடுக்கிலும் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. கடைசி அடுக்கில் இருப்பதெல்லாம் புளுகு என்று தள்ளுவதும் அதே அளவுக்குத் தவறு.

டாக்டர் மா. இராசமாணிக்கனார் 1948-இல் ‘பெரியபுராண ஆராய்ச்சி’ என்ற நூலை வெளியிட்டார். கல்வெட்டுகளையும் பெரியபுராணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட உழைப்பு அது. சேக்கிழார் ஊர் ஊராகச் சுற்றியவர், கல்வெட்டுகளை அறிந்தவர், அரசு ஆவணங்களை எட்டக்கூடிய இடத்தில் இருந்தவர் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அதாவது, நாம் பக்தி நூல் என்று மட்டும் நினைக்கும் பெரியபுராணத்தை எழுதியவரே தன் காலத்து ஆராய்ச்சியாளர். திருமுருகன்பூண்டிப் பதிகத்தை அவரும் எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார். கூறை பறிபோகும் பாட்டைப் படித்துவிட்டு, அடியாரை இப்படிப் புலம்பவிட்டது ஏன் என்ற கேள்வி அவருக்குள் எழுந்திருக்கும். பக்தனுக்கு அந்தக் கேள்வி தாங்க முடியாதது. அதற்கு அவர் கண்ட பதில்தான் பூதகணங்கள் என்பது என் துணிபு. கொங்கு நாட்டில் வாய்வழியாக வழங்கிய கதை ஒன்று அவர் காதுக்கு முன்பே எட்டியிருக்கவும் கூடும்.

பதிகம் அவர் கைக்கு வந்து சேர்ந்ததே யாரால்? பாடியவர்களால். மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு, கோயிலில் திருப்பதியம் பாடுவோருக்கு ஒதுக்கிய பங்கைக் குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், கூட வாசிக்க இரண்டு பேரையும் முதலாம் இராசராசன் அமர்த்தினான். நாள்தோறும் தொண்டை வறளப் பாடிய அந்த மனிதர்கள் இல்லையென்றால், ஆராய்ச்சியாளர் கையில் ஆராய எதுவும் இருந்திருக்காது.

கடன் ஒரு பக்கமாக மட்டும் இல்லை. தஞ்சைப் பகுதியில் திருவிடைவாய் என்றொரு தலம். ஏடுகளில் இல்லாமல் போயிருந்த சம்பந்தர் பதிகம் ஒன்று அந்தக் கோயில் கல்வெட்டில் இருப்பதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்கள் ஓதுவார்களுக்கு ஒரு புதிய பதிகத்தையே கொடுத்தார்கள். இன்று அது தேவாரப் பதிப்புகளில் சேர்ந்துவிட்டது.

சரி, பாட்டும் கதையும் கையில் இருக்கின்றன. சுந்தரர் பூண்டி வழியாக நடந்தது எந்த ஆண்டில்? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

❖

சுந்தரரின் காலத்தைக் கணிக்க உதவும் சாட்சி அவரே வைத்துவிட்டுப் போனது. திருத்தொண்டத்தொகையில் கழற்சிங்கன் என்ற பல்லவ மன்னனை உலகத்தைக் காக்கிறவன் என்று நிகழ்காலத்தில் சொல்கிறார். அந்த மன்னன் அப்போது ஆண்டுகொண்டிருந்தான் என்று கொள்ளலாம். ஆனால் அவன் யார்?

காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மன் என்கிறார்கள் ஒரு சாரார். அப்படியானால் சுந்தரர் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மன் என்கிறார்கள் இன்னொரு சாரார். அப்படியானால் அவர் 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு இறங்கிவிடுகிறார். இடையில் ஒன்றரை நூற்றாண்டு. ஒரு வினைச்சொல்லின் காலத்தைப் பிடித்துக்கொண்டு அறிஞர்கள் இவ்வளவு தூரம் வாதாடியிருக்கிறார்கள்.

கேரளப் பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி வருகிறது. சங்கனாச்சேரியை ஒட்டிய வாழப்பள்ளியில் கிடைத்த செப்பேடு, இராசசேகரன் என்ற சேரப் பெருமாளுடையது. அக்காலச் சாசனங்கள் வழக்கமாக ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும். இந்தச் செப்பேடு சிவபெருமானுக்கு வணக்கம் சொல்லித் தொடங்குகிறது. இவரே சேரமான் பெருமாள் நாயனார் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இந்த இராசசேகரனை 9-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அதை ஏற்றால் சுந்தரரும் அங்கே வந்துவிடுகிறார். எனக்கு இந்தக் கணக்கே பொருத்தமாகப் படுகிறது. அந்தச் செப்பேட்டில் தண்டத் தொகை தினாரத்தில் குறிக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். அந்த நாட்டில் பொற்காசு புழங்கியிருக்கிறது. சேரமானின் பொன்மூட்டை என்பது நடக்கவே முடியாத கதை இல்லை.

இந்த இடத்தில் ஒரு கவலையைச் சொல்லிவிடுகிறேன். நாயன்மார்களின் காலத்தை ஆராய்வதே அவர்களைச் சிறுமைப்படுத்துவது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். நடந்த வரலாறு அதற்கு நேர்மாறானது. சம்பந்தரை 13-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய் வைத்தவர் கால்டுவெல். அது தவறு என்று 1890-களில் சான்றுகளோடு எடுத்துக்காட்டி, சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவராக இருக்க முடியாது என்று நிறுவியவர் ‘மனோன்மணீயம்’ எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை. அவர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர், சைவப் பற்று மிக்கவர். கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தால் அந்த வாதத்தில் அவரால் வென்றிருக்க முடியாது.

❖

இனி பாதைக்கு வருவோம். பூண்டி வேடுவர்கள் ஏன் அங்கே காத்திருந்தார்கள்?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையையும் காவிரி நாட்டையும் இணைத்த பெருவழி கொங்கு நாட்டின் குறுக்கே ஓடியது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், சங்க நூலில் மணிகளுக்குப் பேர்பெற்ற கொடுமணம் என்று அறியப்பட்ட ஊர். 1985-இலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வுகளில் மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், பெயர் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்ற தக்களிகளும் வெளிவந்தன. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணியில் 1913-இல் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்தது. இப்படி ஒரு வழியில் சரக்கு போனால், அதைப் பறிக்கவும் ஆள் நிற்பான்.

கோவைக்கு மேற்கே சுந்தக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசகேசரிப் பெருவழி என்று அந்தப் பாதைக்குச் சோழ மன்னனின் பட்டப்பெயரைச் சூட்டி, அவனை வாழ்த்தும் வெண்பா. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் செதுக்கியிருக்கிறார்கள், இரண்டு பக்கத்திலிருந்து வருகிறவர்களும் படிக்கட்டும் என்று. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, அதாவது 9-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பர். கொங்கு நாட்டைக் கைப்பற்றிய அரசு முதலில் பெயர் பொறித்த இடங்களில் சாலையும் ஒன்று. இந்தப் பாதையில் போகிறவர்கள் என் நிழலில் போகிறார்கள் என்று ஓர் அரசன் பாறையில் எழுத வேண்டியிருந்ததென்றால், அதற்கு முன்பு அந்த நிழல் அங்கே இல்லை என்றுதானே பொருள்? சுந்தரர் அதற்குச் சற்று முன்பு நடந்தவர் என்று கொண்டால், காவல் இல்லாத அந்த இடைவெளியின் குரல்தான் பூண்டிப் பதிகம்.

‘எதற்காக இங்கே இருக்கிறீர்’ என்ற கேள்வி, ஆள்வோர் யாரும் இல்லாத ஒரு சாலையில் நின்று கேட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பதிகத்தை ஓதுவார் பாடக் கேட்டால், முன்பு கேட்டதைவிட அது ஆழமாக இறங்குகிறது. வரலாறு என் பக்தியிலிருந்து ஒன்றையும் பறித்துக்கொள்ளவில்லை.

❖

பக்தியோடு வரலாற்றையும் சேர்த்துப் படிப்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருந்தார். கோயம்புத்தூர் வழக்கறிஞர் சி.கே. சுப்பிரமணிய முதலியார். வ.உ.சி. கோவைச் சிறையில் வாடியபோது துணைநின்றவர். 1930-களில் தொடங்கி 1950-களில் முடிந்த அவருடைய பெரியபுராண உரை ஏழு பகுதிகளாக விரிந்தது. சைவ உலகம் அவரைச் சிவக்கவிமணி என்று கொண்டாடியது. அந்த உரையைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு உருகி உருகிப் பொருள் எழுதியிருப்பார். அடுத்து ‘தலவிசேடம்’ என்று, அந்த ஊர் எங்கே இருக்கிறது, எந்த இரயில் நிலையத்தில் இறங்கி எந்த மண்சாலையில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று குறித்திருப்பார். ஊரையும் வழியையும் நேரில் அறியாமல் அடியாரைப் பற்றிப் பேசக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த உரைக்கு நிகராக இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

பிற்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பண்டிதர் தி.வே. கோபாலையரும் பிரான்சுவா குரோவும் சேர்ந்து தேவாரத்தைப் பதிப்பித்தார்கள். முதல் தொகுதி 1984-இல் வந்தது. தமிழ்ப் புலமையும் பிரெஞ்சு ஆய்வு முறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த வேலை.

என் முடிவைச் சொல்கிறேன். பதிகத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும், தனியாக, உரையும் கதையும் இல்லாமல். அதற்குப் பிறகு சேக்கிழார். அதற்கும் பிறகு கல்வெட்டு. சேக்கிழாரை முதலில் படிக்கிறவருக்குக் கூறை பறிகொடுத்த வழிப்போக்கர்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறார்கள். பூதகணங்களும் பொன்மூட்டையும் மட்டும் மிஞ்சுகின்றன. கல்வெட்டை முதலில் படிக்கிறவருக்குத் தெய்வத்தை உரிமையோடு திட்டும் அந்தத் தோழமை புரியாமல் போய்விடுகிறது. அவருக்குப் பதிகம் வெறும் வழிப்பறி அறிக்கையாகிவிடும். இந்த வரிசையில் படித்தால் பூண்டிப் பதிகத்தில் பறிபோனது கூறை, பெரியபுராணத்தில் பறிபோனது பொன், இரண்டும் இரண்டு காலத்தின் உண்மைகள் என்று தெளிவாகிறது.

இங்கேயே நிறுத்திவிடலாம் என்றால், பூண்டியிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் அவிநாசி இருக்கிறது.

❖

அன்று அவிநாசிக்குப் பெயர் புக்கொளியூர். சுந்தரர் மறுபடியும் சேர நாட்டுக்குப் போகிறார். இது அவருடைய கடைசிப் பயணம். அந்தணர் தெருவில் ஒரு வீட்டில் பூணூல் கலியாணத்தின் மங்கல ஒலி கேட்கிறது. எதிர்வீட்டில் அழுகை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் குளத்தில் இறங்கினார்கள், ஒருவனை முதலை விழுங்கியது, மற்றவனுக்குத்தான் இன்று பூணூல் என்கிறார்கள். வந்திருப்பவர் சுந்தரர் என்று தெரிந்ததும் அழுத பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் மலர்ந்து வணங்குகிறார்கள். சுந்தரர் வற்றிக்கிடந்த குளத்தை நோக்கி நடக்கிறார். வெள்ளானைச் சருக்கத்தில் சேக்கிழார் சொல்லும் கதை இது.

பூண்டியில் செய்ததுபோலவே இங்கும் கதையை ஒதுக்கிவிட்டுப் பதிகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம், முதலையும் பிள்ளையும் பின்னால் வந்து சேர்ந்தவை என்று தெரிந்துவிடும் என்றுதான் வரலாற்று மாணவர் யாரும் எதிர்பார்ப்பார். ஏழாம் திருமுறையில் 92-ஆம் பதிகம், பண் குறிஞ்சி. அடுத்த வாரத்துக்குள் நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டாம் பாட்டில் புக்கொளியூர்க் குளத்தில் குளிக்க இறங்கிய பிள்ளை வருகிறான். நான்காம் பாட்டில், பிள்ளையைத் திருப்பித் தரும்படி முதலைக்கும் காலனுக்கும் சொல் என்று சுந்தரரே இறைவனிடம் கேட்கிறார்.